டி. கே. பட்டம்மாள், டி. கே. ஜெயராமன் இசைப்பதிவுகள்

டி. கே. பட்டம்மாள் (மார்ச் 19, 1919 – சூலை 16, 2009), அவருடைய தம்பி டி. கே. ஜெயராமன் (சூலை 22, 1928 – சனவரி 25, 1991) ஆகிய இருவரும் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த கருநாடக இசைப் பாடகர்கள். இவர்கள் தனித்தனியாகவும் இணைந்தும் மேடைகளில் பாடியுள்ளனர். இசைத்தட்டு, திரைப்படம், வானொலி, ஒலிநாடா எனத் தம் காலத்தில் இருந்த எல்லா ஒலிப்பதிவு வடிவங்களிலும் இவர்களது பாடல்கள் வெளியாயின. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளும், சுப்பிரமணிய பாரதியாரின் நாட்டுப்பற்றுப் பாடல்களும், பாபநாசம் சிவனின் தமிழ்ப் பாடல்களும் பொதுமக்களிடையே பரவியதில் இப்பதிவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இக்கட்டுரை அப்பதிவுகளின் வரலாற்றையும், அவை எவற்றைக் காத்தன, எவற்றைக் காக்க இயலவில்லை என்பதையும் விளக்குகிறது.

பெயரும் குடும்பமும்

பெயரின் முதலெழுத்துகளான "டி. கே." என்பவை தாமல் கிருஷ்ணசுவாமி என்பதைக் குறிக்கும். தாமல், காஞ்சிபுரத்துக்கு மேற்கே வேலூர் செல்லும் சாலையில், பெரிய ஏரியுடன் அமைந்த ஊராகும். கிழக்கே தென்னேரியைப் போலவே மேற்கே தாமலும் காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த ஏரிப் பாசன ஊர்களுள் ஒன்று. தந்தை கிருஷ்ணசுவாமி தீட்சிதர் இசையில் ஈடுபாடு உடையவர். தாய் காந்திமதி (ராஜம்மாள்) நன்கு பாடக்கூடியவராயினும், வைதிகக் குடும்ப வழக்கத்தின் காரணமாகப் பிறர் முன் பாடியதில்லை. அலமேலு என்பது பட்டம்மாளுக்கு இடப்பட்ட பெயர்; வீட்டில் "பட்டா" என்று அழைக்கப்பட்டார். அவருடைய உடன்பிறந்தவர்களான டி. கே. ரங்கநாதன், டி. கே. நாகராஜன், டி. கே. ஜெயராமன் ஆகிய மூவரும் இசை அறிந்தவர்கள். அவர்களுள் ஜெயராமனே பட்டம்மாளுடன் நெடுங்காலம் மேடையில் பாடியவர்.

காஞ்சிபுரத்தின் இசைச் சூழல்

பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரம் இசைக்கும் பெயர்பெற்ற நகரமாக இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இந்நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்து, இங்குள்ள கோயில்களைப் பற்றிக் கீர்த்தனைகள் இயற்றினார். ஐம்பூதத் தலங்களுள் நிலத்துக்குரிய தலமான ஏகாம்பரேசுவரர் கோயிலைப் பற்றி அவர் பைரவி இராகத்தில் இயற்றிய கீர்த்தனை இன்றும் மேடைகளில் பாடப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இசையையும் நடனத்தையும் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்த காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் புகழுடன் விளங்கினார். தென்னிந்தியாவில் இசைத்தட்டு அறிமுகமான தொடக்க ஆண்டுகளிலேயே அதில் பாடியவர்களுள் அவரும் ஒருவர். அவருடைய சகோதரி காமாட்சியின் மகன் நயினாப் பிள்ளை (சுப்பிரமணிய பிள்ளை, 1889–1934). மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் முதலிய பல தாள வாத்தியங்கள் சூழப் பாடியவர் என்றும், லய நுட்பத்தில் நிகரற்றவர் என்றும் நயினாப் பிள்ளை போற்றப்படுகிறார். இவர் காஞ்சிபுரத்தில் ஆண்டுதோறும் தியாகராசர் விழாவை நடத்தி வந்தார். நாட்டின் முன்னணிப் பாடகர்கள் அவ்விழாவில் வந்து பாடினர்.

ஒரே வீட்டைச் சேர்ந்த இவ்விருவருள் தனகோடி அம்மாளின் குரல் தட்டில் பதிவாயிற்று. நயினாப் பிள்ளையின் குரல் பதிவாகவில்லை. அவர் எவ்வாறு பாடினார் என்பதை இன்று அவருடைய மாணவர்களின் பாட்டிலிருந்தும், கேட்டவர்கள் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்தும் மட்டுமே உய்த்துணர முடியும். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, டி. பிருந்தா, டி. முக்தா ஆகியோர் அவரிடம் நேரில் பயின்றவர்கள். பட்டம்மாள் அவருடைய மாணவி அல்லர்; அவரைக் கேட்டு வளர்ந்தவர். சிறுமியாக இருந்தபோது நயினாப் பிள்ளையின் முன்னிலையில் நடந்த பாட்டுப் போட்டியில் பரிசும் பெற்றார்.

பயிற்சி

பட்டம்மாள் ஓர் ஆசிரியரின் வீட்டில் தங்கிப் பயிலும் குருகுல முறையில் இசை கற்றவர் அல்லர். தந்தையிடம் தொடக்கப் பயிற்சி பெற்றபின், கச்சேரிகளுக்குச் சகோதரர்களுடன் சென்று கேட்பார். வீடு திரும்பியதும் அனைவரும் தத்தம் நினைவில் நின்ற பாடலின் பகுதிகளைச் சொல்ல, அவற்றை ஒன்றுசேர்த்து எழுதிக்கொள்வர். ஒலிப்பதிவுக் கருவி வீடுகளில் இல்லாத காலத்தில் அக்குடும்பமே ஒரு பதிவுக் கருவியாக இயங்கியது எனலாம்.

பிற்காலத்தில் பின்வருவோரிடம் அவர் குறிப்பிட்ட துறைகளில் பயின்றார்:

தீட்சிதர் கீர்த்தனைகள்: அம்பி தீட்சிதர், நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர்
திருப்புகழ்: நயினாப் பிள்ளையின் மாணவரான அப்பாத்துரை ஆச்சாரி
தமிழ்க் கீர்த்தனைகள்: பாபநாசம் சிவன், கோடீசுவர ஐயர்
சாவளிகளும் பிறவும்: வித்யாலா நரசிம்மலு நாயுடு

இவர்களுள் அம்பி தீட்சிதர், 1904இல் வெளியான "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" என்னும் பெருநூலை எழுதிய சுப்பராம தீட்சிதரின் மகன். எனவே முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பவழிப் பாடம் பட்டம்மாளுக்கு நேரடியாகக் கிடைத்தது. ஜெயராமனும் டி. எல். வெங்கடராம ஐயரிடமும் பாபநாசம் சிவனிடமும் பயின்றார். அவருக்கு முதல் ஆசிரியர் தமக்கையே ஆவார்.

முதல் இசைத்தட்டும் முதல் மேடையும்

பிராமணக் குடும்பத்துப் பெண்கள் பொதுமேடையில் பாடுவது அக்காலத்தில் வழக்கமில்லை. மேடையிலும் இசைத்தட்டிலும் பாடிய பெண்கள் பெரும்பாலும் தனகோடி அம்மாளைப் போல இசையைக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். தென்னிந்திய இசைத்தட்டு வணிகத்தின் தொடக்க காலத்தைத் தாங்கி நின்றவர்கள் அவர்களே. பெண் குரலுக்குச் சந்தை உண்டு என்பதை அவர்களின் தட்டுகள் ஏற்கனவே மெய்ப்பித்திருந்தன. பட்டம்மாளுக்கு வழி திறந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

காஞ்சிபுரத்தில் பட்டம்மாள் படித்த பள்ளியின் தலைமையாசிரியை அம்முக்குட்டி அம்மாள், மாணவியின் திறமையை வெளியுலகம் அறிய வேண்டும் என்று முயன்றவர். பள்ளி நாடகம் ஒன்றில் பட்டம்மாள் பாடி நடித்தது பலரது கவனத்தை ஈர்த்தது. அதைத் தொடர்ந்து 1930களின் தொடக்கத்தில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் பாடினார். மகள் வெளியே பாடுவது குறித்துத் தந்தைக்கு முதலில் தயக்கம் இருந்தது.

இசைத்தட்டுக்குப் பாடுவதற்கும் மேடையில் பாடுவதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒலிப்பதிவு அறையில் பார்வையாளர் இல்லை. பாடுபவரின் முகத்தை யாரும் காண்பதில்லை. வீட்டுப் பெண்கள் பிறர் முன் அமர்ந்து பாடக்கூடாது என்று கருதிய சமூகத்தில், குரல் மட்டும் வெளியே செல்ல இசைத்தட்டும் வானொலியும் இடமளித்தன. சென்னை மாநகராட்சி 1930இல் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. பட்டம்மாள் சிறுமியாக இருந்தபோதே அதில் பாடினார். 1932இல் தம் 13ஆம் வயதில் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் பொதுமேடையில் பாடினார். அடுத்த ஆண்டு எழும்பூர் மகளிர் சங்கத்தில் பாடினார். குடும்பமும் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. 1939இல் ஆர். ஈசுவரனை மணந்தார். திருமணத்துக்குப் பின்னும் கணவரின் துணையுடன் இசைப்பணி தொடர்ந்தது.

மூன்று நிமிட இசைத்தட்டு

1930கள், 1940களின் இசைத்தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. நிமிடத்துக்கு 78 முறை சுழல்பவை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களும், பன்னிரண்டு அங்குலத் தட்டில் நான்கு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவும் பதிவு செய்யலாம். கச்சேரியில் ஒரு கீர்த்தனை, இராக ஆலாபனையும் நிரவலும் கற்பனாசுவரமும் சேர்ந்து அரைமணி நேரம்கூட நீளும். அதைத் தட்டில் அடக்கப் பாடகர்கள் பின்வரும் வழிகளைக் கையாண்டனர்:

ஆலாபனையைச் சில நொடிகளாகச் சுருக்குதல் அல்லது விட்டுவிடுதல்
சங்கதிகளின் எண்ணிக்கையைக் குறைத்தல்
காலப்பிரமாணத்தைச் சற்றே விரைவுபடுத்துதல்
நீண்ட பாடலை இரு பக்கங்களாகப் பிரித்தல்

தீட்சிதரின் கீர்த்தனைகள் பெரும்பாலும் விளம்ப காலத்தில் அமைந்தவை; சமற்கிருதச் சொற்கள் செறிந்தவை. இவற்றை மூன்று நிமிடத்துக்குள் சொல் சிதையாமல் பாடுவது எளிதன்று. பட்டம்மாளின் தட்டுகளில் சொற்கள் தெளிவாக ஒலிப்பதும், கீழ்த்தாயியில் அவரது கனத்த குரல் நிலைபெற்று நிற்பதும் கேட்போரால் பெரிதும் பாராட்டப்பட்டன. கச்சேரிக்குச் செல்ல இயலாதவர்களும், சபாக்கள் இல்லாத சிற்றூர்களில் வாழ்ந்தவர்களும் தட்டின் வழியே பாடலைக் கேட்டு மனப்பாடம் செய்தனர். இசை ஆசிரியர் இல்லாத வீடுகளில் தட்டே ஆசிரியராக விளங்கிற்று. எழுதிச் சேர்த்துப் பாடல் கற்ற ஒருவரின் குரல், பிறருக்கு அத்தேவையைக் குறைத்தது.

திரைப்படமும் நாட்டுப்பற்றுப் பாடல்களும்

பட்டம்மாளைத் திரைப்படத்துக்கு அறிமுகப்படுத்தியவர் பாபநாசம் சிவன். கல்கியின் கதையைத் தழுவி கே. சுப்பிரமணியம் இயக்கிய "தியாகபூமி" (1939) படத்தில், நாட்டுத் தொண்டர்களின் ஊர்வலக் காட்சிக்கு அவர் பின்னணி பாடினார். விடுதலை இயக்கத்துக்கு ஆதரவான இப்படத்தை ஆங்கிலேய அரசு பின்னர்த் தடை செய்தது. காதல் பாடல்களைப் பாடுவதில்லை என்பதில் பட்டம்மாள் உறுதியாக இருந்தார். பக்திப் பாடல்களையும் நாட்டுப்பற்றுப் பாடல்களையும் மட்டுமே திரைக்குப் பாடினார்.

1947 சனவரியில், இந்திய விடுதலைக்கு ஏழு மாதங்கள் முன்னதாக, ஏ. வி. மெய்யப்பன் தயாரித்து இயக்கிய "நாம் இருவர்" வெளியானது. ஆர். சுதர்சனம் இசையமைத்த இப்படத்தில் பாரதியார் பாடல்களைப் பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். விடுதலை கிடைத்துவிட்டதாகவே கொண்டாடும் பாரதியாரின் பாடல், விடுதலைக்கு முன்பே திரையரங்குகளில் ஒலித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்ற வேளையில் சென்னை வானொலி நிலையத்திலிருந்து பட்டம்மாள் பாரதியார் பாடல்களைப் பாடினார். "வேதாள உலகம்" (1948) படத்திலும் அவர் பாடிய பாரதியார் பாடல் இடம்பெற்றது.

அக்காலத்தில் பாரதியாரின் பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை விலைக்கு விற்கப்பட்ட ஒரு சொத்தாக இருந்தது. அவ்வுரிமை ஒரு வணிகரிடமிருந்து மெய்யப்பனுக்கு வந்தது. பாரதியார் பாடல்கள் மக்களுக்கே உரியவை என்ற கோரிக்கை எழுந்ததையடுத்து, மெய்யப்பன் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியாரின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது. இக்கோரிக்கைக்கு வலுச்சேர்த்த சூழலில், பட்டம்மாளின் தட்டுகளும் திரைப்பாடல்களும் அப்பாடல்களை ஏற்கனவே வீடுதோறும் கொண்டு சேர்த்திருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

காந்தியடிகள் மறைந்த காலத்தில், சேதுமாதவ ராவ் இயற்றிய "சாந்தி நிலவ வேண்டும்" என்னும் பாடலைப் பட்டம்மாள் பாடிப் பரப்பினார். சுத்தானந்த பாரதியார் இயற்றிய "எப்படிப் பாடினரோ" என்னும் பாடலும் அவர் பாடியதாலேயே பெரும்புகழ் பெற்றது. தெலுங்கு, சமற்கிருதப் பாடல்களே மேடையில் மிகுந்திருந்த காலத்தில், தமிழ்ப் பாடல்களை இறுதியில் பாடும் சிறு உருப்படிகளாகக் கருதாமல் உரிய இடமளித்துப் பாடியவர்களுள் இவ்விருவரும் அடங்குவர்.

தமக்கையும் தம்பியும்

ஜெயராமன் தமக்கையைவிட ஒன்பது ஆண்டுகள் இளையவர். சிறுவயதிலிருந்தே பட்டம்மாளுடன் மேடையில் அமர்ந்து பாடினார். பெண் குரலும் ஆண் குரலும் இணைந்து பாடும்போது சுருதி அமைப்பது கடினம். பட்டம்மாளின் குரல் இயல்பிலேயே தாழ்ந்த சுருதிக்கு ஒத்துவந்தமையால் இருவரும் ஒரே சுருதியில் இயல்பாகப் பாட முடிந்தது. ஒரே வீட்டில், ஒரே ஆசிரியர்களிடம் கற்றமையால் பாடபேதமும் இல்லை. இணைந்து பாடிய பதிவுகளில் கீர்த்தனையின் சாகித்தியப் பகுதியை இருவரும் சேர்ந்து பாடுவதையும், நிரவலிலும் சுரத்திலும் மாறிமாறிப் பாடுவதையும் கேட்கலாம்.

தமக்கையின் புகழுக்குப் பின்னால் நெடுநாள் இருந்த ஜெயராமன், பின்னர்த் தனிக் கச்சேரிகளிலும் தமக்கென ஓர் இடத்தைப் பெற்றார். பல பாடல்களுக்கு மெட்டமைத்தார். சிறந்த ஆசிரியராகவும் விளங்கினார். பாடகர் விஜய் சிவா, வயலின் கலைஞர் ஆர். கே. ஸ்ரீராம்குமார் ஆகியோர் அவருடைய மாணவர்கள். மிருதங்கக் கலைஞர் ஜெ. வைத்தியநாதன் அவருடைய மகன்.

தட்டில் அடங்காத பல்லவி

இராகம் தானம் பல்லவி என்பது கருநாடக இசைக் கச்சேரியின் மிகக் கடினமான பகுதியாகும். ஒருவரிப் பாடலை எடுத்துக்கொண்டு, சிக்கலான தாளத்தில் அதைப் பல காலங்களில் பெருக்கியும் குறைத்தும் பாடுவது இதன் இயல்பு. லயக் கணக்கு மிகுந்த இப்பகுதி ஆண்களுக்கே உரியது என்ற எண்ணம் நிலவிய காலத்தில், பட்டம்மாள் அதைக் கச்சேரிகளில் தொடர்ந்து பாடினார். ஆகவே "பல்லவி பட்டம்மாள்" என்றே அழைக்கப்பட்டார். பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதில்லை என்றிருந்த மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர், அவ்வழக்கத்தை மாற்றி முதலில் வாசித்தது பட்டம்மாளின் கச்சேரிக்கே. பின்னர் மணி ஐயரின் மகள் லலிதா, பட்டம்மாளின் மகன் சிவகுமாரை மணந்தார்.

எனினும் அவருக்குப் பட்டப்பெயர் தந்த இக்கலை, அவரைப் புகழடையச் செய்த 78 சுழற்சித் தட்டுகளில் இடம்பெற வழியில்லை. ஒரு பல்லவியை முறையாக விரிக்கக் குறைந்தது அரைமணி நேரம் வேண்டும். எனவே 1930கள், 1940களில் அவர் பல்லவி பாடிய முறையைத் தட்டுகளிலிருந்து அறிய இயலாது. பிற்கால வானொலிப் பதிவுகளும், நாடாப் பதிவுக் கருவி பரவலான பின் சபாக்களிலும் வீடுகளிலும் பதியப்பட்ட கச்சேரிப் பதிவுகளுமே இதற்குச் சான்றாக உள்ளன. நயினாப் பிள்ளையிடம் கேட்ட லயநெறி பட்டம்மாளிடம் எந்த அளவுக்குத் தங்கியது என்பதை ஆராய விரும்புவோர் திரைப்பாடல்களையும் சிறு தட்டுகளையும் அன்றி, இந்நீண்ட பதிவுகளையே நாட வேண்டும்.

பிற்காலப் பதிவுகள்

நெடுநேர இசைத்தட்டுகள் (எல். பி.) வந்தபின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் பதிய முடிந்தது. ஆலாபனையும் சுரமும் தட்டில் மீண்டும் இடம்பெற்றன. 1980களில் ஒலிநாடாப் பேழைகளும், பின்னர்க் குறுந்தட்டுகளும் பரவியபோது பழைய பதிவுகள் மறுவெளியீடு கண்டன. 2000ஆம் ஆண்டு வெளியான "ஹே ராம்" திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில், காந்தியடிகளுக்கு விருப்பமான "வைஷ்ணவ ஜனதோ" பாடலைப் பட்டம்மாள் பாடினார். அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. "தியாகபூமி"க்கும் இப்படத்துக்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உள்ளது.

விருதுகள்

சங்கீத நாடக அகாதமி விருது – பட்டம்மாள், 1961
சங்கீத கலாநிதி, சென்னை மியூசிக் அகாதமி – பட்டம்மாள், 1970 (எம். எஸ். சுப்புலட்சுமிக்கு அடுத்து இவ்விருதைப் பெற்ற இரண்டாவது பெண்)
பத்ம பூசண் – பட்டம்மாள், 1971
சங்கீத கலாநிதி – ஜெயராமன், 1990
பத்ம விபூசண் – பட்டம்மாள், 1998

எம். எஸ். சுப்புலட்சுமி, டி. கே. பட்டம்மாள், எம். எல். வசந்தகுமாரி ஆகிய மூவரும் கருநாடக இசையின் பெண் மும்மூர்த்திகள் எனப் போற்றப்படுகின்றனர். பட்டம்மாளின் பெயர்த்தி நித்யஸ்ரீ மகாதேவனும் புகழ்பெற்ற பாடகர் ஆவார்.

பதிவுகளின் இன்றைய நிலை

அரக்குத் தட்டுகள் கீழே விழுந்தால் உடையும். ஊசி உராய்வதால் ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் தேயும். எண்முறைக்கு மாற்றும்போது சுழற்சி வேகம் சிறிது மாறினாலும் சுருதியும் காலப்பிரமாணமும் மாறிவிடும். எனவே இணையத்தில் கிடைக்கும் படிகளைக் கொண்டு பட்டம்மாளின் சுருதியையோ வேகத்தையோ முடிவு செய்வோர், தட்டு சரியான வேகத்தில் ஒலிக்கப்பட்டதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்குரிய உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். ஆகவே 1930கள், 1940களில் வெளியான தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. ஆனால் பாடலை இயற்றியவரின் உரிமை வேறு. தீட்சிதர், பாரதியார் ஆகியோரின் பாடல்களுக்குத் தடையில்லை. 1973இல் மறைந்த பாபநாசம் சிவன் போன்றோரின் பாடல்களுக்கு அவ்வுரிமை, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உண்டு.

வீடுகளில் எஞ்சியுள்ள தட்டுகளை வைத்திருப்போர், தட்டின் நடுவே ஒட்டப்பட்டுள்ள தாளில் காணப்படும் நிறுவனப் பெயர், பட்டியல் எண், இராகம், இயற்றியவர் பெயர் ஆகியவற்றை ஒளிப்படத்துடன் குறித்துவைத்தல் நன்று. ஒலி தேய்ந்துபோன தட்டும் இக்குறிப்புகளால் ஆய்வுக்குப் பயன்படும். நயினாப் பிள்ளையின் பாட்டைக் காப்பதற்கு ஒரு தட்டும் இல்லை. அவருடைய ஊரில் வளர்ந்த தமக்கையும் தம்பியும் விட்டுச்சென்ற தட்டுகளோ இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன.